காதுக்கும் ஓர் ஊர் உண்டு

நம் பள்ளி ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புங்கள் என்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் கடிதம் எழுதியபோது நாங்கள் இருவரும் திகைத்துத்தான் போனோம். இப்பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் பெயர் மலரில் ஒரே ஒருமுறைதான் வந்தது. அதுவும் கோகோ அணியின் நிழற்படத்துக்கு அடியில். அப்படிப்பட்டவர்களிடம் கட்டுரையா? ஆயினும், அன்னையர் கேட்டு மறுத்து எங்களுக்குப் பழக்கமில்லை. ஆகவே, இங்கிலாந்தில் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில் எங்கள் காதுகள் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இங்கே எழுதுகிறோம். பாடம் சிறியதுதான். ஆனால் அதற்கு நாங்கள் கொடுத்த விலை சிறியதன்று.

முதலில் எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்களில் ஒருத்தி தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்தவள். மற்றவள் கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் ஒரு கிராமத்துக்காரி. ஆறாம் வகுப்பில் விடுதிக்கு வந்தபோது எங்களுக்கு அடுத்தடுத்த பாய். முதல் நாள் இரவே தகராறு! “ஏட்டி, இங்கன வா” என்று கடற்கரைக்காரி அன்பாகத்தான் கூப்பிட்டாள். வீட்டில் சின்னக் குழந்தையைக்கூட “வாங்க, போங்க” என்று அழைத்துப் பழகிய கொங்கு நாட்டுப் பெண்ணுக்கோ அது வசவாகக் கேட்டது. போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடிய விடிய அழுதாள். மறுநாள் விடுதிச் சகோதரி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, “அவள் ஊரில் அது செல்லம், உன் ஊரில் இது மரியாதை, இரண்டும் ஒன்றுதான்” என்று விளக்கிய பிறகே சமாதானம் ஆயிற்று. அன்று சேர்ந்த நாங்கள் இன்றுவரை பிரியவில்லை.

எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அயர்லாந்து நாட்டில் பிறந்த ஒரு முதிய அன்னை. 1842ஆம் ஆண்டில் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்து கல்விப்பணி தொடங்கினார்கள். அவர்களைப் போன்ற பல சபையினரின் உழைப்பால் நம் நாட்டுக் கன்னியர் பள்ளிகள் பலவற்றுக்கு ஆங்கிலம் ஐரிஷ் நாவின் வழியாகவும் வந்தது. எங்கள் அன்னை ‘கார்’ என்றால் கடைசி ‘ர்’ மணி போலக் கேட்கும். ‘திங்க்’ என்னும் சொல்லை நம்முடைய ‘த’ போலவே பல்லில் நாவை அழுத்திச் சொல்லுவார். ‘ஃபிலிம்’ என்பதை நம் பாட்டிமார்களைப் போலவே ‘பி-லிம்’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுவார். எட்டாவது ஆங்கில எழுத்தை ‘ஏச்’ என்னாமல், நம்மைப் போலவே முன்னால் ஒரு ‘ஹ’ சேர்த்து ‘ஹெய்ச்’ என்பார். இவையெல்லாம் லண்டன் அரண்மனையில் பேசும் ஆங்கிலம் என்றே நாங்கள் நம்பினோம். ஒப்புவித்தல் போட்டியில் அவரைப் போலவே பேசிப் பரிசும் பெற்றோம்.

செவிலியர் படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் நம் நாட்டு மருத்துவமனைகளில் வேலை பார்த்தோம். பின்னர் வெளிநாட்டினருக்கான ஆங்கிலத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கி, 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நியூகாசில் நகருக்கு வேலைக்குச் சென்றோம். டைன் ஆற்றங்கரையில் உள்ள அந்நகரம் ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் கப்பல் கட்டும் தொழிலுக்கும் பேர்போனது. குளிருக்குக் கம்பளி கொண்டு போயிருந்தோம். ஊறுகாய் கொண்டு போயிருந்தோம். ஆங்கிலம் மட்டும் தேவையான அளவு கையில் இருக்கிறது என்றிருந்தோம். அதுதான் முதல் நாளே தீர்ந்து போயிற்று!

வார்டில் காலடி வைத்ததும் ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்து, “பெட்” என்று அழைத்தார். அடுத்த கட்டிலில் இருந்தவரும் “பெட்” என்றார். தேநீர் கொண்டு வந்த பெண்ணும் “பெட்” என்றாள். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ‘பெட்’ என்றால் வீட்டில் வளர்க்கும் நாயும் பூனையும் அல்லவா? நிறத்தைப் பார்த்து இப்படி அழைக்கிறார்களோ என்று உள்ளுக்குள் குமைந்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவ்வூரில் மகளையும் மருமகளையும் பேருந்து நடத்துநரையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்று. நம் ஊரில் ‘கண்ணு’, ‘ராசாத்தி’ என்பதில்லையா, அதுதான் அது. “ஏட்டி” என்ற சொல்லுக்காக அழுத பழைய இரவு இருவருக்கும் நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டோம்.

மதியம் உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி, “உன் பெய்ட்டைச் சாப்பிட்டாயா?” என்று கேட்டாள். ‘பெய்ட்’ என்றால் தூண்டிலில் மாட்டும் இரை என்பது கடற்கரைக்காரிக்கு நன்றாகத் தெரியும். அதைச் சாப்பிட்டாயா என்று யாராவது கேட்பார்களா? அங்கே கட்டுச்சோற்றுக்குப் பெயர் அது. குழந்தையைக் குறிக்க ‘பெய்ர்ன்’ என்றார்கள். ‘பஸ்’ என்பது ‘புஸ்’ ஆயிற்று. ‘கப்’ என்பது ‘குப்’ ஆயிற்று.

அவ்வூர்க்காரர்கள் தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளும் கதை ஒன்று உண்டு. முழங்காலில் கட்டுப் போட்டிருந்த ஒருவரிடம், வெளியூரிலிருந்து வந்த மருத்துவர், “நடக்க முடிகிறதா?” என்று கேட்டாராம். நடப்பதற்குத் தெற்கத்தியார் சொல்லும் ஆங்கிலச் சொல், நியூகாசில் காதுக்கு ‘வேலை செய்வது’ என்று கேட்கும். நோயாளி கோபத்துடன், “வேலையா? எனக்கு நடக்கவே முடியவில்லை!” என்றாராம். இக்கதையை எங்களுக்குச் சொன்னவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. மருத்துவமனையில் ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் என்பது செவிலியருக்குத் தெரியாதா?

அந்நாளில் எங்கள் மனத்தில் இருந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ‘இவர்கள் பேசுவது கெட்ட ஆங்கிலம். நாம் அன்னையிடம் கற்றது நல்ல ஆங்கிலம்’ என்பதே அது. இரவில் அறைக்கு வந்ததும் அவர்களைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்போம். வார்டில் கூசிக் குறுகி நின்ற எங்களுக்கு அந்தச் சிரிப்பு ஓர் ஆறுதல்.

எங்களையும் அவ்வாறே எண்ணியவர்கள் இருந்தார்கள். ஒருநாள் ஒரு நோயாளியின் உறவினர் தொலைபேசியில் அழைத்தார். நாங்கள் இரண்டு வாக்கியம் பேசியதுமே, “ஆங்கிலம் தெரிந்த யாரையாவது கூப்பிடு” என்றார். தொலைபேசியை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய் அழுதோம். பரிசு வாங்கிய ஆங்கிலம்! வேறொரு நாள் வேறோர் அம்மாள் தொலைபேசியில் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, “நீங்கள் வேல்ஸ் நாட்டுப் பெண்ணா? பாட்டுப் பாடுவது போல இருக்கிறதே!” என்று மகிழ்ந்து கேட்டார். அதே நா, அதே ஆங்கிலம். ஒரு காதுக்கு அது குப்பை, இன்னொரு காதுக்கு அது பாட்டு. இதை அப்போதே சிந்தித்திருக்க வேண்டும். நாங்கள் சிந்திக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் எங்கள் இருவருக்கும் ஒரே வார்டில் நைட் டியூட்டி. எண்பது வயதைத் தாண்டிய முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். இளமை முழுதும் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். நுரையீரல் முற்றிலும் கெட்டிருந்தது. இனி அதிக நாள் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பகலெல்லாம் அயர்ந்து கிடப்பார். நள்ளிரவுக்கு மேல் விழித்துக்கொண்டு, எங்கள் கையைப் பிடித்து இரண்டு சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்லுவார். எங்கள் காதில் அவை, “கன்… ஹிம்…” என்று விழுந்தன. ஒன்று துப்பாக்கி, மற்றொன்று ‘அவனை’. போரில் நடந்தது ஏதோ நினைவுக்கு வந்து, யாரையோ சுடச் சொல்லிப் பிதற்றுகிறார் என்று எண்ணினோம். “பயப்படாதீர்கள் ஐயா, இங்கே யாரும் இல்லை” என்று தேற்றினோம். அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பார், தலையை அசைப்பார், மறுபடியும் அதையே சொல்லுவார். கண்ணோரத்தில் நீர் வழியும்.

வழக்கமாக எங்களுடன் இருக்கும் உள்ளூர் உதவியாளர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். இரவு மருத்துவரை அழைத்தோம். அவரும் இளைஞர், லண்டன் பக்கத்திலிருந்து வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. குனிந்து கேட்டார். “இவ்வூர்க்காரர்கள் பேசுவது எனக்கும் பாதி புரிவதில்லை. மனக்குழப்பமாக இருக்கலாம்” என்று சொல்லி, அமைதிப்படுத்தும் மருந்து எழுதிக் கொடுத்தார். நாங்கள் கொடுத்தோம். கேஸ் ஷீட்டில், ‘நோயாளி குழப்பமாகப் பேசுகிறார்’ என்று எங்கள் கையால் எழுதினோம். மறுநாள் இரவும் அப்படியே. மறுபடியும் மருந்து. மறுபடியும் அதே வாக்கியம்.

மூன்றாம் நாள் விடியற்காலை, வார்டைத் துப்புரவு செய்யும் அம்மாள் வாளியுடன் வந்தார். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். முதியவர் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வதைக் கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகில் வந்தார். அவர் நெற்றியில் கை வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, “இவருக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை, பெட். வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்” என்றார்.

‘கன்’ என்று எங்கள் காதில் விழுந்தது, போவதற்கு அவ்வூரார் வழங்கும் சொல். ‘ஹிம்’ என்று விழுந்தது ‘ஹ்யெம்’, வீடு. உலகத்தில் எந்த மொழியில் சொன்னாலும் புரிந்திருக்க வேண்டிய வேண்டுகோள் அது. இரண்டு இரவுகள் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்; நாங்கள் தூங்க வைத்திருக்கிறோம்.

உடனே வார்டு சிஸ்டரிடம் ஓடினோம். மருத்துவர், மகள், ஊர்தி என்று எல்லாம் அன்றே பேசி முடிவாயிற்று. மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் கேஸ் ஷீட்டை எடுத்தோம். எழுதியதை அழிக்கக் கூடாது என்பது செவிலியர்க்கு விதி. ஆகவே, ‘குழப்பமாகப் பேசுகிறார்’ என்னும் வாக்கியத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில், ‘நோயாளி வீட்டுக்குப் போக விரும்புகிறார்’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம். கோட்டுக்கு அடியில் பழைய வாக்கியம் தெளிவாகவே தெரிந்தது.

பதினோரு நாள் கழித்து அவருடைய மகள் வார்டுக்கு வந்தார். தந்தை சன்னல் ஓரத்தில் தம் சொந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்றும், முந்தின இரவு அமைதியாக இறந்துபோனார் என்றும் சொல்லி, எங்களுக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார். அதை வாங்க எங்கள் கை கூசியது. பதின்மூன்று நாளாக இருந்திருக்க வேண்டியதைப் பதினோரு நாளாக ஆக்கியவர்கள் நாங்கள். அவர் அதை அறியார்.

அதன் பின்புதான் அப்பேச்சைச் சிரிப்பதற்காக அல்லாமல் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கத் தொடங்கினோம். ஓய்வு நாள்களில் நகர நூலகத்துக்குப் போய் வாசித்தோம். வாசிக்க வாசிக்க எங்கள் ‘நல்ல ஆங்கிலம், கெட்ட ஆங்கிலம்’ என்னும் சுவர் செங்கல் செங்கலாக உதிர்ந்தது.

தங்கையரே, நீங்களும் கேட்டிருப்பீர்கள்: ‘ஆனால்’ என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல் ‘பட்’, ‘வை’ என்னும் பொருளுள்ள சொல் ‘புட்’. இரண்டிலும் நடுவில் நிற்பது ஒரே ‘யு’ என்னும் எழுத்து. பின் ஏன் இரண்டு ஒலி? நம் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்காத மாணவி இல்லை. “அது அப்படித்தான்” என்பதே நமக்குக் கிடைத்த விடை. உண்மை என்னவென்றால், முன்னாளில் இரண்டும் ஒரே ஒலிதான். 17ஆம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தில் ஒன்று மாறிவிட்டது, வடக்கில் மாறவில்லை. நியூகாசிலில் இன்றும் ‘புட்’டும் ‘புட்’டும் எதுகை சேரும். ‘புஸ்’ என்று சொல்லும் அவ்வூர்க்காரர் தவறு செய்யவில்லை. பழைய ஒலியைக் கட்டிக் காக்கிறார்.

‘கார்’ என்பதன் கடைசி ‘ர்’ கதையும் அதுவே. தெற்கு இங்கிலாந்தார் 18ஆம் நூற்றாண்டில் அதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தின் தென்மேற்குக் கிராமங்களும் விடவில்லை. எங்கள் அன்னையின் ‘ர்’ மணி போலக் கேட்டது அதனால்தான். அவர் பேசியது அரண்மனை ஆங்கிலம் அன்று. அவர் பிறந்த ஊரின் ஆங்கிலம்.

‘ஹ்யெம்’ என்னும் சொல்லையும் தேடினோம். கடலுக்கு அப்பால் நார்வே நாட்டில் வீட்டுக்கு இன்றும் ‘யெம்’ என்கிறார்கள். குழந்தைக்கு ‘பார்ன்’ என்கிறார்கள். நியூகாசிலுக்குச் சில மைல் தொலைவில், அதே டைன் ஆற்றின் கரையில் ஜாரோ என்னும் ஊர் உள்ளது. திருச்சபையின் மறைவல்லுநருள் ஒருவரான புனித பீடு அங்கிருந்த மடத்தில் வாழ்ந்து, 735ஆம் ஆண்டில் இறந்தார். ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை இலத்தீனில் எழுதிய அப்பெரியவரின் தாய்மொழி, அவ்வடபகுதியின் பழைய ஆங்கிலமே. நாங்கள் ‘கெட்டது’ என்று சிரித்த பேச்சு அதன் வழியில் வந்தது!

அப்படியானால் ஓர் உச்சரிப்பு உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்று முடிவு செய்தவர் யார்? டேனியல் ஜோன்ஸ் என்னும் அறிஞர் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் பேசிய ஒலியையே எடுத்துக்கொண்டார். பி.பி.சி. வானொலியும் அவ்வகை ஒலியையே செய்திக்கு ஏற்றதாகக் கொண்டது. 1941இல், உலகப் போரின் நடுவே, யார்க்‌ஷயர் மாநிலத்து ஹாலிஃபாக்ஸ் ஊரில் பிறந்த வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் என்பவர் செய்தி வாசிக்க வந்தார். முடிவில் வடக்கத்தியாருக்கு அவர்கள் ஒலியிலேயே, ‘குட் நைட்’ என்பதை ‘குட் நீட்’ என்று சொல்லி விடைபெற்றார். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் குரலில் செய்தியைக் கேட்டால் நம்பிக்கை வரவில்லை என்றார்களாம்! செய்தி அதேதான், போரும் அதேதான்.

2004ஆம் ஆண்டில் பி.பி.சி. நடத்திய ஒரு கணிப்பில் 5,010 பேர் 34 வகை உச்சரிப்புகளுக்கு மதிப்பெண் இட்டார்கள். தாம் பேசும் உச்சரிப்பைப் பெரும்பாலோர் முன்வரிசையில் வைத்தார்கள். தன் பிள்ளை பொன் பிள்ளை அல்லவா? பர்மிங்ஹாம் நகரத்தார் பேச்சுக்குக் கடைசி இடம். எங்களைப் போன்ற ஆசிய நாட்டவர் பேசும் ஆங்கிலமும் அடிவரிசையில்தான். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு, பர்மிங்ஹாமுக்கு அதிகத் தொலைவில் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

ஆனால் எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைத் தொட்டது வேறொன்று. 1970களில் பீட்டர் ட்ரட்கில், ஹவர்ட் கைல்ஸ் என்னும் இரு அறிஞர்கள், பிரிட்டனின் பல ஊர் உச்சரிப்புகளை அந்நாட்டாருக்கும், அமெரிக்கா, கனடா நாட்டாருக்கும் கேட்கச் செய்தார்கள். எது இனிமை, எது இனிமையில்லை என்று கேட்டார்கள். பிரிட்டன் நாட்டார் பெரிய தொழில் நகரங்களின் பேச்சை அடியில் வைத்தார்கள். கடலுக்கு அப்பால் உள்ளவர்களோ அந்த வரிசையைக் கொடுக்கவே இல்லை! எந்த ஒலி எந்த ஊருக்குரியது, அவ்வூரில் புகைக்கூண்டு உண்டா, ஏழைகள் உண்டா என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாதபடியால் அவர்கள் காதுக்கு அது அழுக்காகக் கேட்கவில்லை. அழுக்கு ஒலியில் இருந்திருந்தால் எல்லாக் காதுக்கும் கேட்டிருக்க வேண்டுமே? நாம் ஒருவர் பேச்சைக் கேட்டு முகம் சுளிக்கும்போது, சுளிப்பது பேச்சுக்காக அன்று, பேசுகிறவருக்காக. இதுவே நாங்கள் கற்ற பாடம்.

வெளியூரார் என்ற முறையில் எங்களுக்கு அந்த நற்பேறு இருந்திருக்க வேண்டும். நியூகாசில் பேச்சைத் தாழ்வாக எண்ண எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் நாங்கள் கையில் ஒரு பரிசுக் கோப்பையுடன் போயிருந்தோம். எங்கள் உச்சரிப்பைக் கொண்டு மற்றவரை அளந்தோம். வேற்றூர்ப் பேச்சு நம் காதுக்குப் புரியாமல் போவது குற்றமன்று. புரியாததற்கு ‘குழப்பம்’ என்று பெயரிட்டுக் கையொப்பம் இடுவதுதான் குற்றம்.

திருவிவிலியத்தில் பேதுருவின் கதை நமக்குத் தெரிந்ததே. தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர் இரவில் நின்ற அவரை ‘நீயும் அவர்களில் ஒருவன்’ என்று எருசலேமில் இருந்தவர்கள் கண்டுகொண்டது எதனால்? கலிலேயப் பேச்சினால். எத்தனையோ முறை மறையுரையில் கேட்டிருக்கிறோம். அவர் மறுதலித்ததை மட்டுமே நினைத்தோம். சொந்த ஊர்ப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அஞ்சி நின்ற ஒரு மீனவரின் நெஞ்சை இப்போதுதான் நினைக்கிறோம்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 2017இல் நாங்கள் ஊர் திரும்பினோம். எங்களை அறியாமலேயே நியூகாசில் எங்கள் நாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. “புஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டபோது, அண்ணன் மகள் கைகொட்டிச் சிரித்தாள். “அத்தே, லண்டனிலிருந்து வந்துவிட்டு ‘பஸ்’ என்று சொல்லத் தெரியவில்லையே!” என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. உட்கார வைத்து, அந்தச் சுரங்கத் தொழிலாளியின் கதையைச் சொன்னோம். கேட்டு முடித்ததும் அவள் கேட்ட கேள்வி: “அவர் சொன்னது புரியவில்லையென்றால், ஊர்க்காரர் யாரையாவது கூப்பிட்டு என்னவென்று கேட்டிருக்கலாமே?” ஒன்பது வயதுக் குழந்தைக்குத் தோன்றியது எங்களுக்குத் தோன்றவில்லை.

முடிக்குமுன் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோமோ என்றும் தோன்றுகிறது. நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை விடுதிக்கு வந்தாள். அவள் தமிழ் வேறு மாதிரி இருந்தது. ஆங்கிலம் இன்னும் வேறு மாதிரி இருந்தது. அவள் வாசிக்க எழுந்தாலே வகுப்பில் சிரிப்பு கிளம்பும். முன்பு ஒருவர் பேச்சை ஒருவர் தவறாகக் கேட்டுச் சண்டையிட்ட நாங்கள் இருவரும், இப்போது ஒன்றாகச் சேர்ந்து அவளைப் போலப் பேசிக் காட்டினோம். எல்லாரும் எங்களைச் சூழ்ந்து நின்று சிரித்தார்கள். சில மாதங்களில் அவள் வாசிக்க எழுவதை நிறுத்திவிட்டாள். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். அடுத்த ஆண்டு அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் யாரையும் கேட்கவில்லை. இந்த மலர் எங்கேனும் அவள் கையில் கிடைக்குமானால், எங்களை மன்னித்துக்கொள்ள வேண்டுகிறோம். கேஸ் ஷீட்டில் இட்டது போல இங்கேயும் ஒரு கோடு இடுகிறோம். அடியில் இருப்பது அழியாது என்று தெரிந்தேதான் இடுகிறோம்.

அன்புத் தங்கையரே! வரும் ஜூன் மாதம் உங்கள் விடுதிக்கும் வகுப்புக்கும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். ஒருத்தி மலையிலிருந்து வருவாள்; ஒருத்தி கடலோரத்திலிருந்து வருவாள். அவர்கள் பேச்சு உங்களுக்குப் புதிதாகத்தான் இருக்கும். சிரிப்பு வந்தால் வரட்டும். அடக்க முடியாத வயதுதான். ஆனால் சிரித்து முடித்ததும் அருகில் போய், “இன்னொரு தடவை சொல்லேன்” என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாமல்தான் நாங்கள் ஒரு முதியவரின் இரண்டு நாள்களையும் ஒரு பிள்ளையின் குரலையும் இழக்கச் செய்தோம்.

நம் பள்ளி நீடு வாழ்க!

– முன்னாள் மாணவியர் இருவர்